தோற்றேன்… தோழிகள் கிடைத்தார்கள்!

எங்கள் வீட்டுக் கூடத்தில் டி.வி.க்குப் பக்கத்தில் நீளமாக ஒரு மரப்பலகை இருக்கிறது. நடுவே இரண்டு வரிசையில் ஏழேழு குழிகள். வீட்டுக்கு வருகிற பெண்கள் எல்லோரும் அதைப் பார்த்ததும், "அட, பல்லாங்குழி! இதையெல்லாம் இன்னும் பத்திரமா வெச்சிருக்கீங்களாக்கா?" என்று கேட்பார்கள்.

"நல்லா உத்துப் பாருங்க, இது பல்லாங்குழி இல்லை" என்பேன். பிறகுதான் கவனிப்பார்கள். பலகையின் இரண்டு முனையிலும் பெரிதாக ஒவ்வொரு குழி கூடுதலாக இருக்கும். இதன் பெயர் டாகோன். இந்தோனேஷியாவில், ஜாவாத் தீவிலிருந்து என்னோடு விமானம் ஏறி வந்தது. இந்தப் பலகை எங்கள் குடும்பத்துக்குச் செய்த உதவியை நினைத்தால், அதை அலமாரிக்குள் பூட்டி வைக்க எனக்கு மனசு வருவதில்லை.

நடந்தது 2023ஆம் வருஷம். என் மாப்பிள்ளைக்கு ஜாவாவில் யோக்யகர்த்தா என்ற ஊரில் வேலை. (அந்த ஊர்க்காரர்கள் செல்லமாக 'ஜோக்ஜா' என்கிறார்கள்.) மகளுக்கு அங்கேயே பிரசவம் என்று முடிவாயிற்று. ஜூன் மாதம் நான் சென்னையில் விமானம் ஏறி, கோலாலம்பூரில் மாறி, மிளகாய்ப் பொடி, பிரசவ லேகியம், வெள்ளைத் துணி மூட்டை சகிதம் போய் இறங்கினேன். கும்பகோணத்தைத் தாண்டினால் திருப்பதி, மதுரை என்று போய் வந்தவள் நான். வெளிநாடு என்று போனது அதுதான் முதல் தடவை.

ஊர் என்னவோ அழகுதான். வடக்கே பார்த்தால் மெராபி எரிமலை. கொஞ்ச தூரத்தில் பிரம்பனான் என்ற ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவன் கோயில். தென்னை, வாழை, மா, பலா… கண்ணை மூடித் திறந்தால் தஞ்சாவூர் ஜில்லா போலத்தான் இருக்கிறது. ஆனால் வாயைத் திறந்தால்தானே வம்பு! அவர்கள் பேசுவது எனக்குப் புரியாது. நான் பேசுவது அவர்களுக்குப் புரியாது. எனக்கிருந்த ஓட்டை இங்கிலீஷும் அந்தச் சந்தில் செல்லுபடி ஆகவில்லை.

எங்கள் வீடு இருந்தது குறுகலான ஒரு சந்து. எதிரும் புதிருமாக ஓட்டு வீடுகள். பெண்கள் காலையில் வாசலைப் பெருக்குவார்கள். என்னைப் பார்த்ததும் தலையைத் தாழ்த்திச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிப்புக்கும் ஒரு அளவு இருக்கிறதல்லவா? எத்தனை நேரம்தான் சிரித்துக்கொண்டே நிற்பது? உள்ளே வந்துவிடுவேன்.

பேரன் பிறந்தான். சுகப்பிரசவம். ஊருக்குப் போன் போட்டு எல்லோருக்கும் சொல்லியாயிற்று. பத்தியச் சாப்பாடு, குழந்தைக்குக் குளியல் என்று நான் பம்பரமாய்ச் சுற்றினேன். ஆனால் மகள்தான் மகளாக இல்லை.

வாய் ஓயாமல் பேசுகிற பெண் அவள். பிரசவத்துக்குப் பிறகு ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குழந்தை அழுதால் எடுத்துப் பால் கொடுப்பாள். ஆனால் அவன் முகத்தைப் பார்க்க மாட்டாள். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். "கதவைச் சாத்தும்மா" என்பதுதான் அவள் ஒரு நாளில் அதிகமாகச் சொன்ன வார்த்தை. நடுராத்திரியில் விசும்பல் சத்தம் கேட்கும்.

இங்கே ஒரு உண்மையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், சகோதரிகளே. நான் அப்போது நல்ல தாயாக நடந்துகொள்ளவில்லை. "ஊர் உலகத்துல இல்லாத புள்ளையப் பெத்துட்டியா? நாங்கள்லாம் பெக்கலையா? எழுந்து தலையை வாரு" என்று அதட்டினேன். அவள் எழுந்து தலையை வாரிக்கொண்டாள். மறுபடி போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

குழந்தை பிறந்து பத்து நாள் இருக்கும். ஒரு மத்தியானம். அம்மாவும் பிள்ளையும் தூங்குகிறார்கள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. அப்போது எதிர் வீட்டுப் பக்கமிருந்து ஒரு சத்தம்… 'டக், டக், டக், டக்.' மரக்குழியில் கொட்டை விழுகிற சத்தம்! அந்தச் சத்தத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டுமா என்ன? என் பாட்டி வீட்டுத் திண்ணையில் கேட்ட சத்தமல்லவா அது!

கால் தானாக வாசலுக்கு வந்தது. எதிர் வீட்டுத் தாழ்வாரத்தில் பாய் விரித்து ஒரு பாட்டியும், எட்டு வயசுப் பேத்தியும் ஆடிக்கொண்டிருந்தார்கள். பாட்டியைச் சந்தில் எல்லோரும் 'ம்பா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஜாவா பாஷையில் பாட்டிக்கும் அந்தச் சொல்தான், தாத்தாவுக்கும் அந்தச் சொல்தான். நான் நிற்பதைப் பார்த்து ம்பா பாயில் நகர்ந்து இடம் விட்டார். "மொங்கோ" என்றார். 'வாங்க, உட்காருங்க' என்று அர்த்தம் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் நகர்ந்து இடம் விட்டால் உட்காரத் தெரியாதா நமக்கு?

பல்லாங்குழியில் ஊரையே தோற்கடித்தவள் நான் என்ற மிதப்பு எனக்கு. பேத்தியை எழுப்பிவிட்டு ம்பாவுக்கு எதிரே உட்கார்ந்தேன். கேளுங்கள் அந்தக் கூத்தை! முதல் ஆட்டம் தோல்வி. இரண்டாவது ஆட்டம் படுதோல்வி. மூன்றாவதில் என் பக்கம் குழிகள் துடைத்து வைத்த மாதிரி காலி! பார்க்கத்தான் ஒரே மாதிரியே தவிர, ஆட்டம் வேறு.

எங்கள் வீட்டுப் பல்லாங்குழியில் குழிக்கு ஐந்து அல்லது ஆறு கொட்டை போடுவோம். டாகோனில் குழிக்கு ஏழு. பதினான்கு குழிக்கும் சேர்த்து 98. சப்போட்டா விதை மாதிரி பளபளப்பான விதைகளை வைத்து ஆடினார்கள். நாம் கையில் உள்ளது தீர்ந்ததும் அடுத்த குழியிலிருந்து எடுத்து ஆடுவோம். அவர்கள் கடைசி விதை விழுந்த குழியிலிருந்தே அள்ளுகிறார்கள். முனையில் இருக்கிற பெரிய குழி நம்முடைய களஞ்சியம். சுற்றி வரும்போது நம் களஞ்சியத்தில் ஒன்று போட வேண்டும். எதிராளியின் களஞ்சியத்தில் போடக் கூடாது. கடைசி விதை நம் களஞ்சியத்திலேயே விழுந்தால் இன்னொரு ஆட்டம் கிடைக்கும். நம் பக்கத்துக் காலிக் குழியில் விழுந்தால் எதிர்க்குழியில் இருப்பதை வழித்துக்கொள்ளலாம்.

இத்தனை விதிகளையும் அந்த எட்டு வயசுப் பெண் ஒரு வார்த்தை கூட எனக்குப் புரியாத பாஷையில், என் மணிக்கட்டைப் பிடித்து, ஒவ்வொரு குழியாக நகர்த்திச் சொல்லிக்கொடுத்தாள். நான் தப்பாகப் போட்டால் "ஓ… ஓ…" என்று இழுப்பாள். என்னைவிட ஐம்பது வயசு சின்னவள்! சந்தில் போகிறவர்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் தோற்கத் தோற்க அவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வாரமாக வெறும் உதட்டால் சிரித்துக்கொண்டிருந்தவள், அன்றுதான் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

அன்றைக்கு நான் ஜெயித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன். "இந்தியாவிலிருந்து வந்த அம்மாள் கெட்டிக்காரி" என்று மரியாதையாகத் தலை தாழ்த்தி அனுப்பியிருப்பார்கள். தோற்றதால்தான் "நாளைக்கு வா, சொல்லித் தருகிறேன்" என்று கூப்பிட ஒரு காரணம் கிடைத்தது!

அதன் பிறகு மத்தியானம் இரண்டு மணியானால் டாகோன். விதைகளை எண்ணி எண்ணி எனக்கு ஜாவா எண்கள் பாடமாயின. சிஜி, லோரோ, தெலு, பபத், லிமா, எனெம், பிது… ஏழு வரைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆடிக்கொண்டே அங்கே இருக்கிற சாமானைக் காட்டிப் பெயர் கேட்பேன். மரப்பெட்டியைக் காட்டினேன். "பெத்தி" என்றார்கள். பேத்தியின் புத்தகத்தில் கப்பல் படத்தைக் காட்டினேன். "கபால்" என்றாள். அரிசி மாவில் வட்டமாக ஒரு பலகாரம் கொண்டு வந்தார்கள். "அபெம்" என்றார்கள். "ஆப்பம்!" என்று நான் கத்தியதில் ம்பா பயந்தே போய்விட்டார்.

இந்தியா என்றதும் எல்லோருக்கும் ஷாருக் கான்தான். "பாடுங்க, பாடுங்க" என்று ஹிந்திப் பாட்டுக் கேட்பார்கள். எனக்கோ ஹிந்தி சுத்த சூன்யம்! அவர்கள் ஹிந்திப் பாட்டைத் தப்பில்லாமல் பாட, இந்தியாக்காரி நான் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதற்கும் ஒரு சிரிப்பு.

வழக்கமாக ஆட வருகிறவர்களில் மூன்றாவது வீட்டுப் பெண் ஒருத்தி. அந்த ஊரில் மாதம் ஒரு தடவை ஒவ்வொரு பேட்டையிலும் குழந்தைகளுக்கு எடை பார்க்கும் முகாம் நடக்கிறது. 'பொஸ்யாண்டு' என்று பெயர். தராசில் துணி கட்டிக் குழந்தையைத் தொங்கவிட்டு எடை பார்த்து, தாய்க்குக் கொடுத்திருக்கிற ரோஸ் நிறப் புத்தகத்தில் குறித்துக்கொடுப்பார்கள். அந்தந்தப் பேட்டைப் பெண்களே தொண்டர்களாக நின்று நடத்துகிறார்கள். இவளும் அதில் ஒரு தொண்டர்.

ஒரு நாள் ஆட்டத்துக்கு நடுவே அவள் பார்வை எங்கள் வீட்டுக்குப் போயிற்று. சாத்திய கதவு, ஜன்னலில் என் மகளின் முகம். அவள் என்னைக் கேட்டாள். "திடூர்?" தூக்கமா என்று அர்த்தம். அதற்குள் எனக்கு அந்தச் சொல் தெரியும். இல்லை என்று தலையாட்டினேன். "மக்கான்?" சாப்பாடு? இல்லை. கண்ணுக்குக் கீழே விரலை இழுத்துக் காட்டினாள். அழுகிறாளா? ஆமாம். எத்தனை நாளாக என்று கேட்கிறாள் என்று புரிந்தது. பேரன் பிறந்து அப்போது நாலு வாரம் ஆகப் போகிறது. நான் நாலு விரலைக் காட்டி, "மிங்கு" என்றேன். வாரம்.

அவள் கையிலிருந்த விதைகளைக் குழியில் போடவில்லை. பாயில் வைத்துவிட்டாள். "டோக்தெர்" என்றாள். பிறகு தன் செல்போனை எடுத்து அதில் பேசினாள். அது இங்கிலீஷில் எழுதிக் காட்டியது. பிரசவமான பெண்கள் முதல் சில நாள் காரணமில்லாமல் அழுவது சகஜம், அது இரண்டு வாரத்துக்குள் தானாகச் சரியாகிவிடும், இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் அது நோய், டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பதுதான் அதன் சாராம்சம்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. நோயா! நான் அதைத் திமிர் என்றல்லவா நினைத்தேன்?

அன்று மாலையே மாப்பிள்ளையோடு போய் டாக்டரைப் பார்த்தோம். அந்த டாக்டரம்மா என் மகளிடம் ஒரு மணி நேரம் பேசினார். என்னிடம் சொன்னது இதுதான்: "இது அவளுடைய குற்றமும் இல்லை, உங்களுடைய குற்றமும் இல்லை. அவளைத் தனியாக விடாதீர்கள். ராத்திரி ஒரு வேளையாவது சேர்ந்தாற்போல் தூங்க வழி செய்யுங்கள். வாரா வாரம் கூட்டி வாருங்கள்." உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகம் முழுவதும் பிரசவித்த பெண்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு இப்படி மனநலக் குறைவு வருகிறதாம். பெரும்பாலும் இந்த மனச்சோர்வுதான். நம் வீடுகளில் எத்தனை பெண்கள் அதட்டல் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்களோ!

மறுநாள் மத்தியானம் நான் எதிர் வீட்டுக்குப் போகவில்லை. ம்பாவே பலகையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். பின்னாலேயே பாயோடு பேத்தி. எங்கள் வாசலில், திறந்த கதவுக்கு நேரே, மகளுக்குத் தெரிகிற மாதிரி விரித்து உட்கார்ந்தார்கள். அவளை வா என்றும் கூப்பிடவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. ஆட்டம் நடந்தது. அவ்வளவுதான். அடுத்த நாளும் வந்தார்கள். அதற்கடுத்த நாளும்.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, நான் ஒரு குழியில் கை வைத்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது. "அம்மா, அதை எடுக்காத. அந்தக் கடைசிக் குழியை எடு. உன் களஞ்சியத்துல போய் முடியும்."

எண்ணிப் பார்த்தேன். சரியாகக் களஞ்சியத்தில் போய் முடிந்தது! அத்தனை நாளும் அவள் உள்ளே உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ம்பா ஒன்றும் பேசாமல் முதல் நாள் எனக்குச் செய்த மாதிரியே பாயில் நகர்ந்து இடம் விட்டார். மகள் வந்து உட்கார்ந்தாள். குழந்தையை ம்பா வாங்கி, பத்திக் நீளத் துணியில் தன் இடுப்போடு ஏந்திக் கட்டிக்கொண்டார். நம் ஏணைதான் அது. என்ன, நாம் உத்தரத்தில் கட்டுவதை அவர்கள் தோளில் கட்டுகிறார்கள்.

ஒரே நாளில் எல்லாம் தெளிந்துவிட்டது என்று கதை விட மாட்டேன். நல்ல நாளும் இருந்தது, திரும்பவும் கதவைச் சாத்தச் சொன்ன நாளும் இருந்தது. டாக்டரிடம் போவதையும் நிறுத்தவில்லை.

ஆகஸ்ட் மாத ஆரம்பத்தில் ஒரு ராத்திரி ம்பா எங்களைச் சந்துக் கோடியிலிருந்த மண்டபத்துக்குக் கூட்டிப் போனார். அந்தப் பேட்டைப் பெண்கள் வாரம் ஒரு நாள் கமெலான் வாசிக்கப் பழகுகிறார்கள். கமெலான் என்பது ஜாவாவின் வெண்கல வாத்தியக் கோஷ்டி. யுனெஸ்கோ 2021இல் உலகப் பாரம்பரியக் கலைகளின் பட்டியலில் சேர்த்தது இதைத்தான். பட்டறை மாதிரி மரப்பெட்டி மேல் வெண்கலப் பட்டைகள், கவிழ்த்த குண்டான் மாதிரி வாத்தியங்கள், மத்தளம், ஆளுயரத்துக்குத் தொங்கும் பெரிய கோங்… இவற்றின் முன்னால் பகலெல்லாம் சமைத்து, துணி துவைத்து, பிள்ளைகளைக் கட்டி மேய்த்த பெண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்!

செருப்பை வாசலிலேயே விட்டேன். ஆனால் இடம் போதாமல் ஒரு வாத்தியத்தைத் தாண்டிப் போகக் காலைத் தூக்கிவிட்டேன். ம்பா என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். வாத்தியத்தைத் தாண்டக் கூடாதாம். எனக்கு வெட்கமாகப் போயிற்று. வீணையில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊர்க்காரி, அவசரத்தில் மறந்துபோனேனே! குனிந்து அந்த வாத்தியத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அங்கிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். உடனே ஒரு வாத்தியத்தின் முன்னால் என்னை உட்கார வைத்து, கையில் மரச் சுத்தியைக் கொடுத்துவிட்டார்கள்.

எதிரே பலகையில் வெறும் எண்கள். 1, 2, 3, 5, 6. சில எண்களுக்கு மேலே புள்ளி, சிலவற்றுக்குக் கீழே புள்ளி. பாட்டுச் சொல்லிக்கொடுத்த அம்மாள், "ஜி, ரோ, லு, மா, நெம்" என்று பாடிக் காட்டினாள். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. சிஜி, லோரோ, தெலு, லிமா, எனெம்… டாகோனில் எண்ணிய அதே எண்கள்! ஒவ்வொன்றின் வாலைப் பிடித்து ஸ்வரமாக்கிவிட்டார்கள். மேலே புள்ளி மேல் ஸ்தாயி, கீழே புள்ளி கீழ் ஸ்தாயி. நம் பாட்டு நோட்டில் இருக்கிற அதே வழக்கம். நாலை விட்டுவிட்டு ஐந்து ஸ்வரம் என்றால்… ச, ரி, க, ப, த! நம்ம மோகனம் மாதிரியல்லவா?

சின்ன வயசில் வர்ணம் வரை கற்றவள். விடுவேனா? மோகனம் ஆரோகணத்தைப் பாடிவிட்டேன். அவர்கள் வெண்கலத்தில் அதையே வாசித்தார்கள். என் குரல் ஒரு பக்கம் போயிற்று, வெண்கலம் இன்னொரு பக்கம்! அவர்களுடைய ஐந்து ஸ்வரங்களுக்கு நடுவே இடைவெளி கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்கும். நம் மோகனத்தில் அப்படி இல்லை. அது மட்டுமா? ஒவ்வொரு கமெலானுக்கும் சுருதி வேறாம். ஒரு கோஷ்டியின் வாத்தியத்தை இன்னொரு கோஷ்டியில் கொண்டுபோய் வைக்க முடியாதாம். நம் வீட்டு மூடி அடுத்த வீட்டு டப்பாவுக்குப் பொருந்தாத மாதிரி!

தாளத்திலும் அசடு வழிந்தேன். நமக்குத் தாளத்தின் முதல் அடிதான் பலம். அவர்களுக்குப் பெரிய கோங் விழுவது சுற்றின் கடைசி அடியில். நான் ஆரம்பத்தில் ஓங்கித் தட்ட, எல்லோரும் மெள்ளப் போக… ஒரே சிரிப்பு. வலது கையால் அடுத்த பட்டையைத் தட்டும்போதே இடது கையால் முந்தின பட்டையைப் பிடித்து நாதத்தை அடக்க வேண்டும். ஒரு கையால் தோசை வார்த்து, ஒரு கையால் பால் பொங்காமல் பார்த்துக்கொண்ட கைதானே? அரை மணியில் அது மட்டும் பிடிபட்டுவிட்டது.

மகள் குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு தூண் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது பேரன் சிணுங்கினான். சந்து இருட்டில் அவள் மெதுவாக, எனக்கே கேட்காத குரலில் முனகினாள். நான் கூர்ந்து கேட்டேன். "ஜி… ரோ… லு… மா… நெம்…" நம் ஆராரோ பாடுகிற இழுப்பில் அந்த ஐந்து எண்களைத் தாலாட்டாகப் பாடிக்கொண்டு வந்தாள்.

பிரசவத்துக்குப் பிறகு தன் பிள்ளைக்கு அவள் பாடிய முதல் பாட்டு அதுதான். நான் கொஞ்சம் பின்தங்கி நடந்தேன். என் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்ததே!

ஆகஸ்ட் 17 இந்தோனேஷியாவின் சுதந்திர தினம். 1945இல் அன்றுதான் சுதந்திரப் பிரகடனம் செய்தார்கள். அன்று பேட்டைக்குப் பேட்டை விளையாட்டுப் போட்டி. சாக்குப் பை ஓட்டம், கயிற்றில் தொங்கும் அப்பளத்தைக் கை படாமல் கடிப்பது, உச்சியில் பரிசுகளைக் கட்டிய வழுக்கு மரம்… நம்ம ஊர்த் திருவிழாவேதான்! கரண்டிப் பந்தயமும் இருந்தது. எலுமிச்சம்பழத்துக்குப் பதில் கோலிக்குண்டு. 'ம்பா இந்தியா' என்று என் பெயரையும் எழுதிவிட்டார்கள்.

புடவைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, கரண்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடினேன். நாலடி போகவில்லை, கோலிக்குண்டு உருண்டு சாக்கடைக்குள் போயிற்று. அதைத் தேடிக் குனிந்தவள் மேல் பின்னால் வந்த பெண் இடிக்க, இரண்டு பேரும் தரையில்! எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தேன். கூட்டத்துக்கு நடுவே என் மகள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். பழைய சிரிப்பு.

அந்த மாதக் கடைசியில் நான் ஊருக்குக் கிளம்பினேன். போவதற்கு முன் ம்பாவுக்கு நம் பல்லாங்குழி ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தேன். முனைக் குழிகளை விட்டுவிட்டால் அதே பலகை போதுமே! நாலு கொட்டை சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்கிற விதி அந்தப் பேத்திக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இப்போதும் மகள் வீடியோ போனில் கூப்பிட்டால், எதிர்த் தாழ்வாரத்திலிருந்து "பாசு! பாசு!" என்ற கூச்சல் கேட்கும். ம்பா எனக்குக் கொடுத்த டாகோன் பலகைதான் எங்கள் கூடத்தில் இருப்பது.

மகள் பிரசவத்துக்கோ, மகன் வீட்டுக்கோ கடல் தாண்டிப் போகிற சகோதரிகளுக்கு, பட்டறிவில் சில வார்த்தைகள்:

ஊறுகாய் பாட்டிலோடு ஒரு சோழிப் பையையும், அஞ்சாங்கல்லையும் எடுத்துப் போங்கள். எடை அதிகமில்லை. பாஷை தெரியாத இடத்தில் அவை பேசும்.

போன இடத்தில் நம் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க அவசரப்படாதீர்கள். முதலில் அவர்களுடையதைக் கற்றுக்கொள்ளுங்கள். தோற்றால் சிரியுங்கள்.

வாத்தியத்தைத் தொடுமுன் கேளுங்கள். அவர்கள் காலணியை எங்கே விடுகிறார்கள், எப்படி உட்காருகிறார்கள் என்று பார்த்து அப்படியே செய்யுங்கள்.

தவழும் குழந்தை உள்ள வீட்டில் ஆட்டம் முடிந்ததும் விதைகளை எண்ணி எடுத்து வையுங்கள். தொண்டையில் சிக்கினால் ஆபத்து. குன்றிமணி விஷம், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பிரசவித்த பெண் இரண்டு வாரம் தாண்டியும் அழுதுகொண்டோ, பேசாமலோ இருந்தால் அதட்டாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ஆட்டமும் பாட்டும் அதற்கு மருந்தல்ல. ஆனால் கதவைத் திறந்து வைத்து வாசலில் ஒரு பாயை விரித்தால், அவள் எழுந்து வர ஒரு இடமாவது இருக்கும்.